ரூட் கெனால் முடித்த கடைவாய்ப் பல்லுக்கு கேப் கட்டாயமா?

8 ஜூன் 2024, ஒரு வாசகரின் கேள்வி

ஆரியங்காவில் இருந்து எழுதுகிறேன், வயது 34. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், அதாவது கெட்ட நரம்பை எடுத்து வேரை அடைக்கிற சிகிச்சை, முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது வலி சுத்தமாக இல்லை. ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆனால் பல்லின் மேல் உறை மாதிரி ஒரு கேப் போட்டே ஆக வேண்டும், அதற்குத் தனியாக ஆறாயிரம் என்கிறார்கள். வலி போன பிறகு கேப் எதற்கு? போடாமல் விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

8 ஜூன் 2024, இரவு

போடாமல் விட்டவன் நான். அதனால்தான் சொல்கிறேன் தம்பி, போட்டுவிடுங்கள்.

2022 ஏப்ரலில் எனக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் நடந்தது. நான்கு தடவை போய் வந்தேன். கடைசி நாளில் டாக்டர் தெளிவாகவே சொன்னார், இரண்டு வாரத்துக்குள் வந்து கேப்புக்கு அளவு கொடுங்கள் என்று. அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. நான்தான் போகவில்லை. எனக்குப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் வேலை. கொல்லம், புனலூர் லோடுகளோடு வாரத்தில் நான்கு நாள் மலை ஏறி இறங்க வேண்டும். வலியும் இல்லை, வேலையும் விடவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

2023 ஜூனில் அத்தை வீட்டுக் கல்யாணம். பொருள்விளங்கா உருண்டை கொடுத்தார்கள். அது எவ்வளவு கெட்டி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கடி. 'டக்' என்று ஒரு சத்தம் காதுக்குள் கேட்டது. வலிக்கவில்லை, நரம்புதான் முன்பே எடுத்தாகிவிட்டதே. நாக்கால் தொட்டுப் பார்த்தால் பல் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் தனித்தனியாக ஆடுகின்றன. எக்ஸ்ரேயில் பிளவு இரண்டு வேர்களும் பிரிகிற இடம் வரை இறங்கியிருந்தது. இனி எதுவும் செய்ய முடியாது என்று பிடுங்கிவிட்டார்கள். ரூட் கெனாலுக்குக் கொடுத்த பணமும் போனது, பல்லும் போனது.

நரம்பு எடுத்த பல்லுக்கு ரத்த ஓட்டம் இல்லை. காய்ந்த விறகு மாதிரி ஆகிவிடும், அதனால்தான் பிளக்கிறது. கேப் போட்டுவிட்டால் அந்தப் பல் பிளக்கவும் செய்யாது, சொத்தையும் ஆகாது.

வலது பக்கமும் அதே பல் கெட்டுப்போய், போன மாதம் புனலூரில் ரூட் கெனால் முடித்தேன். 14ஆம் தேதி அளவு எடுக்கிறார்கள். போய் வந்து எழுதுகிறேன்.

9 ஜூன் 2024

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உலக்கைக்குப் பூண் போடுறதில்லையா, அது மாதிரிதானல" என்றாள்.

நேற்று நான் அத்தனை வரி எழுதியதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டு உலக்கை இன்னும் அடுக்களை மூலையில்தான் நிற்கிறது. அடியில் இரும்புப் பூண். மரம் நல்ல மரம்தான், ஆனால் பூண் இல்லாமல் குத்தினால் நார் வாக்கில் வாய் பிளந்துவிடும். பூண் மரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. கேப்பும் பல்லின் முகடுகள் ஆளுக்கொரு பக்கம் விரியாமல் சுற்றிப் பிடிக்கிறது.

14 ஜூன் 2024

புனலூர் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். முதலில் ஒரு திருத்தம். 'காய்ந்த விறகு' என்று எழுதியதை டாக்டரிடம் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காய்வது பெரிய காரணம் இல்லையாம். பல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சொத்தை தின்றது ஒரு பங்கு, வேருக்குள் கருவி இறக்க நடுவில் தோண்டியது ஒரு பங்கு. சுவர்கள் தனித்தனியாக நிற்கின்றன, கூரை இல்லை. மெல்லும்போது கடைவாயில் விழுகிற பாரம் அந்தச் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளுகிறது. முன்பல்லுக்கு அவ்வளவு பாரம் இல்லை. அதனால் ரூட் கெனால் செய்த முன்பல் பெரும்பாலும் முழுசாக இருந்தால் அடைப்பு மட்டும் வைத்து விடுவதும் உண்டு. கடைவாய்ப் பல்லை மட்டும் மூடாமல் விடக் கூடாது என்றார்.

அவர் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது: "கேப் இட்டில்லெங்கில் பல்லு பொட்டிப் போகும் சேட்டா." கேப் போடாவிட்டால் பல் உடைந்துபோகும் அண்ணே என்று மலையாளத்தில் சொன்னார்.

சரி, இன்று நடந்தது. பல்லைச் சுற்றிலும் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர், மேலே ஒன்றரை போல இழைத்தார்கள். அதில் நரம்பு இல்லை, ஆனாலும் ஈறுக்காக ஊசி போட்டார்கள். இழைத்து முடித்ததும் கண்ணாடியில் பார்த்தேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு பெரிய பல் ஒரு சின்ன முளையாக நின்றது. எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள், எலும்பை விடக் கடினம். ஒரு தடவை இழைத்தால் திரும்ப முளைக்காது. அதனால்தான் சொல்கிறேன், நல்ல பல்லை அழகுக்காக இழைத்து கேப் போடச் சொன்னால் பத்து தடவை யோசியுங்கள்.

அப்புறம் அம்மாவின் பூண் கதையை டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அவர்கள் படிப்பிலும் அதே பெயர்தான் என்றார். ஆங்கிலத்தில் 'ஃபெர்ரூல்' என்பார்களாம். கம்பின் நுனியில் போடுகிற பூணுக்கு உள்ள சொல்தான் அது. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் இருக்க வேண்டும், கேப் அதைத்தான் கவ்விப் பிடிக்கும். வெறும் சிமெண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிற கேப் ரொம்ப நாள் தாங்காது. பூணுக்கு உள்ளே மரம் உளுத்திருந்தால் பூண் கழன்றுதானே விழும்.

என் இடது பல் பிளந்தபோது ஏன் கேப் போட்டு ஒட்டவைக்க முடியாது என்றார்கள் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது.

15 ஜூன் 2024

விலை கேட்டவர்களுக்கு. எனக்குச் சொன்ன விலைகள்தான் இவை, ஊருக்கு ஊர் மாறும். வெறும் மெட்டல் 2,500. மெட்டல் மேல் பீங்கான் ஏற்றியது 4,500. சிர்கோனியா 9,000. நான் சிர்கோனியா எடுத்தேன். கடைவாய்க்கு அதுதான் சரி, காசைப் பார்க்காதீர்கள். சிர்கோனியம் உலோகம் என்பதால் உடையாது.

19 ஜூன் 2024

நிரந்தர கேப் வரும்வரை ஒட்டியிருந்த தற்காலிக கேப் கழன்றுவிட்டது. நேற்று ராத்திரி லோடு இறக்கிவிட்டு வரும்போது பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டேன். இடது பக்கம் பல் இல்லாததால் வலது பக்கமே மெல்லுகிற பழக்கம். மூன்றாவது வாயில் கேப் பரோட்டாவோடு சேர்ந்து வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கவில்லை.

கூட வந்த டிரைவர் அண்ணாச்சி, ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொள்ளலாம், அவர் மச்சான் அப்படித்தான் செய்தார் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பசை வாய்க்கானது இல்லை, ஈறைப் புண்ணாக்கும். கோணலாக ஒட்டிவிட்டால் எடுப்பதற்குள் மிச்சப் பல்லும் உடையும். கேப்பைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான்.

போன் செய்தேன், நாளைக்கே வரச் சொல்கிறார்கள். லோடு இல்லாத நாள், இருந்தாலும் போகிறேன். தற்காலிகமானதுதானே என்று வாரக்கணக்கில் திறந்து போட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய ஆரம்பிக்கும். அப்புறம் அளவெடுத்துச் செய்த கேப் உட்காராது.

20 ஜூன் 2024

ஒட்டியாகிவிட்டது. பத்து நிமிஷ வேலை, காசு வாங்கவில்லை. ஒட்டுவது வேண்டுமென்றே லேசான சிமெண்டாம், பிறகு சுலபமாகக் கழற்ற வேண்டும் என்பதற்காக. மெல்லுகிற மாதிரி எதையும் அந்தப் பக்கம் கொண்டு போக வேண்டாம் என்று சொன்னார். முதல் தடவையும் இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

26 ஜூன் 2024

இன்று நிரந்தர கேப். அளவு கொடுத்து பன்னிரண்டு நாள். முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்துப் பல்லோடு இடைவெளி சரியா என்று நூல் விட்டுப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்து ஓரம் பல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகுதான் சிமெண்ட் வைத்தார்கள். கடைசியாக நீலக் காகிதம் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட இடங்களை லேசாக இழைத்தார்கள். ஈறு ஓரத்தைச் சுத்தம் செய்ய மறுபடி ஊசி போட்டிருந்ததால் கன்னம் மரத்துக் கிடந்தது. கடி சரியாக இருக்கிறதா என்று கேட்டார், சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

29 ஜூன் 2024

சரியாக இல்லை. மரப்பு விட்டதும் தெரிந்துவிட்டது, வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது. ஒரு அரிசி அளவுகூட இருக்காது. ஆனால் மூன்று நாளாகச் சாப்பிட முடியவில்லை, தாடை மூட்டு வலிக்கிறது. நாளாக நாளாகப் பழகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

பழகாது. இன்று போனேன், மறுபடி நீலக் காகிதம், ஒரே ஒரு நீலப் புள்ளி அழுத்தமாக விழுந்தது, அதை இழைத்து வழுவழுப்பாக்கினார்கள். ஐந்து நிமிஷம். வெளியே வந்து டீ குடித்தேன், பழம்பொரி சாப்பிட்டேன், வலியே இல்லை. கேப் வைத்த பிறகு கடி உயரமாகத் தெரிந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள். உயரமாக விட்டால் அடிபட்டு அடிபட்டு வேரைச் சுற்றி நோவு எடுக்கும், கேப்பும் உடையலாம், எதிர்ப்பல்லும் கெடலாம்.

2 ஜூலை 2024

15ஆம் தேதி எழுதியதில் தப்பு இருக்கிறது. நான் உலோகம் என்று எழுதியதை ஒருவர் பொறுமையாகத் திருத்தியிருந்தார், நன்றி. சிர்கோனியம் என்பது உலோகம். கேப் செய்வது சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு. அது பீங்கான் வகை.

நேற்று கொல்லத்தில் இருந்து சவறா பக்கம் ஒரு லோடு போனேன். கடலோரம் கறுத்த மணல். இருபது வருஷமாகப் பார்க்கிற மணல்தான். இல்மனைட், ரூட்டைல், மோனசைட் எல்லாம் அதில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கூடவே சிர்கோனியத்தின் கனிமமான சிர்கானும் இருக்கிறது என்பது இப்போதுதான் மனதில் பட்டது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலும் அதே கனிமங்கள்தான். அந்த சிர்கானைப் பிரித்து, பதப்படுத்தி, ஆக்சைடாக்கி, இட்ரியம் ஆக்சைடு கொஞ்சம் சேர்த்தால் இந்த கேப்புக்கான பொருள். என் பல்லில் இருப்பது எந்தக் கடற்கரை மணலோ. ஆனால் அந்த மணல் மேல் வண்டியை நிறுத்திவிட்டு நின்றபோது, வாய்க்குள் இருக்கிற பொருளும் காலடியில் இருக்கிற மணலும் ஒரே குடும்பம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

லேபில் அதைச் சுண்ணாம்புக்கட்டி போன்ற மெதுவான வட்டாகத்தான் வாங்குவார்களாம். கம்ப்யூட்டர் அளவுப்படி இயந்திரம் கேப்பைக் கடைந்தெடுக்கும், அதுவும் தேவையான அளவை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக. பிறகு 1,500 டிகிரி அளவில் சூளையில் வைத்தால் சுருங்கி இறுகிச் சரியான அளவுக்கு வரும். பச்சைச் செங்கல் வெந்ததும் சுருங்குவது மாதிரிதான்.

இன்னொன்றும் தப்பு. 'கடைவாய்க்கு அதுதான் சரி, காசைப் பார்க்காதீர்கள்' என்று எழுதியிருக்கக் கூடாது. காசைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும், ஆரியங்காவுத் தம்பியின் கேள்வியே அதுதான். மெட்டல் கேப் வெள்ளையாக இருக்காது, அது ஒன்றுதான் குறை. அதற்குப் பல்லைக் குறைவாக இழைத்தால் போதும், உடைவது அபூர்வம். சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு 2,500 ரூபாய் மெட்டல் கேப் ரொம்ப நல்ல வைத்தியம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கவரிங் நகை போட்டால் அரிக்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் உண்டு. பீங்கான் ஏற்றிய மெட்டலில் நாளாவட்டத்தில் பீங்கான் சில்லு பெயரலாம், ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம். அது முன்பக்கத்துக்குத்தான் கவலை.

கேப் போடாமல் விடுவதற்கு மெட்டல் கேப் ஆயிரம் மடங்கு மேல். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

11 ஆகஸ்ட் 2024

குழந்தைக்கு ஸ்டீல் கேப் போடச் சொன்னார்கள், விழப்போகிற பால் பல்லுக்கு எதற்கு என்று கேட்ட தாயாருக்கு: என் தங்கை மகளுக்கும் போட்டார்கள். ஏழு வயது. பின்பக்கத்துப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும், அதுவரை மெல்ல வேண்டுமே. அடியில் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான். ரெடிமேடாக அளவு வாரியாக இருக்கும், லேபுக்குப் போக வேண்டாம், ஒரே நாளில் முடிந்துவிடும். பால் பல் விழும்போது கேப்பும் சேர்ந்து விழும்.

இன்னொன்று, எல்லாப் பெற்றோருக்கும். ஆறு வயதில் வரிசையின் பின்கோடியில் முளைக்கிற கடைவாய்ப் பல் பால் பல் அல்ல. எந்தப் பல்லும் விழாமல் பின்னால் புதிதாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. அது ஆயுசுக்கும் உள்ள பல். நான் தொலைத்தது அந்தப் பல்லைத்தான்.

அதே நாள், மாலை

இடது பக்கத்து இடைவெளியை என்ன செய்தேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இன்னும் ஒன்றும் செய்யவில்லை. பல் பிடுங்கிய வருஷம் வேறொரு கிளினிக்கில் காட்டியபோது, பக்கத்தில் இருக்கிற இரண்டு பற்களையும் இழைத்து அவற்றின் மேல் ஊன்றி நடுவில் செயற்கைப் பல் நிற்கிற பிரிட்ஜ் கட்டிவிடலாம், அன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார்கள். அந்த இரண்டும் ஒரு சொத்தை இல்லாத பற்கள். வேறு வழி உண்டா என்று கேட்டேன், பதில் சொல்லாமல் முன்பணம் கட்டச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். வந்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கெட்டிருந்தால் பிரிட்ஜ் நியாயம், நல்ல பற்களை இழைப்பதற்கு முன்னால் தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கிற இம்ப்ளாண்ட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எழுந்து வந்ததோடு விட்டதும் சரியில்லை. புனலூர் டாக்டர் கண்ணாடியில் காட்டினார். பின்பல் அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, மேல் தாடைப் பல் கீழே முட்ட ஆளில்லாமல் இறங்கி வந்திருக்கிறது. ஒரு பல் போனால் மூன்று பல்லுக்குச் சேதம். பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

17 ஜனவரி 2025

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னபடி போய் வந்தேன். முதல் நாள் இரவு எழுதியதில் மிச்சம் இருக்கிற தப்பு இது: கேப் போட்டால் சொத்தை ஆகாது என்று எழுதினேன். கேப் சொத்தையாகாது, பல் ஆகும். கேப் முடிந்து பல் தொடங்குகிற ஓரம் ஈறை ஒட்டியே இருக்கிறது, அங்கே சாப்பாடு தங்கினால் உள்ளே அரிக்க ஆரம்பிக்கும். நரம்பு இல்லாததால் வலித்து எச்சரிக்கவும் செய்யாது. கேப் போட்ட பல்லைத்தான் மற்ற பற்களை விடக் கவனமாகப் பார்க்க வேண்டுமாம். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துத் தேய்க்கக் காட்டிக் கொடுத்தார்கள். இரவு படுக்கும் முன் பல் இடுக்கில் நூல் விடுகிறேன். முதல் வாரம் ரத்தம் கசிந்தது, பிறகு நின்றுவிட்டது.

எத்தனை வருஷம் வரும் என்று கேட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருஷம் சாதாரணமாக வரும், அதற்கு மேலும் வருவது உண்டு என்றார். லேப் கொடுத்த வாரண்டி அட்டையில் பத்து வருஷம் போட்டிருக்கிறது. அது கேப் உடைந்தால்தான், உள்ளே பல் கெட்டால் வாரண்டி இல்லை. அட்டையை எடுத்து நன்றாகப் படித்துப் பாருங்கள்.

ஆரியங்காவுத் தம்பி போன வாரம் மெட்டல் கேப் போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. ஏழு மாதம் தாமதம்தான், ஆனாலும் பல் தாக்குப்பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் மெல்லாமலே இருந்தாராம்.

22 ஜூன் 2025

நீண்ட நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். இது அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு மேல் கடைவாயில் ஒரு மெட்டல் கேப், இருபது வருஷத்துக்கு முந்தையது. ஒருநாளும் வலித்ததில்லை. சாரல் தொடங்கி இந்த இரண்டு வாரமாகக் காற்று வாயில் பட்டால் கூசுகிறது என்றாள். கூசுவது அந்தப் பல் இல்லை, பக்கத்துப் பல். ஜன்னலைச் சாத்திக்கொள் என்று சொல்லி விட்டுவிடப் பார்த்தேன், ஜனவரியில் நானே எழுதியது நினைவுக்கு வந்தது. புனலூருக்குக் கூட்டிப்போனேன். செங்கோட்டையில் ரயில் ஏறியதும் அம்மா தன் சின்ன வயதில் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கதையை எடுத்துவிட்டாள். 1956இல் நம் பக்கம் சேர்ந்தபோது அவளுக்கு எட்டு வயது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பக்கத்துப் பல்லில் சின்னச் சொத்தை, அன்றைக்கே அடைத்தாயிற்று. ஆனால் கேப்புக்கு அடியில் பின்பக்க ஓரத்தில் கறுப்பாக ஒரு நிழல். வலி என்று ஒரு வார்த்தை இல்லாமல் உள்ளுக்குள் அரித்திருக்கிறது. டாக்டர் கேப்பை நீளவாக்கில் அறுத்து எடுத்தார். உள்ளே ஒரு பக்கம் மெத்தென்று போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகு அளந்து பார்த்தார். சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் நிற்கிறது, புது கேப் பிடிக்கும், பிடுங்க வேண்டாம் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெள்ளை வேண்டுமா, மெட்டல் போதுமா என்று டாக்டர் கேட்டார். "பூணுக்கு எதுக்கு வெள்ளை, இரும்பே போடுங்க" என்றாள் அம்மா. டாக்டருக்குத் தமிழ் ஓரளவு புரியும், மெட்டல் என்று எழுதிக்கொண்டார். அறுத்த பழைய கேப்பைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது அது அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்து அறையில் கிடக்கிறது.

ஜூலை 3 புது கேப் வருகிறது. நூல் விடுவதை அதற்குள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். விரலில் சுற்றிப் பிடிக்க அவளுக்குக் கை நடுங்குகிறது. பிடியோடு வருகிற சின்ன இடுக்கு பிரஷ் இருக்கிறது என்று ஒருவர் இங்கே முன்பு எழுதியிருந்தீர்கள், அது தென்காசியில் எந்தக் கடையில் கிடைக்கும்?